ஹிட்ச் போல்ட் மூணு சுத்துல இறுகிப் போச்சா? பலத்த காட்டாதீங்க

கேள்வி: டொரண்டோ பக்கம் இருக்கேன், வண்டி பத்து வருஷம் ஓடின ஜப்பான் எஸ்யூவி. ட்ரெய்லர் ஹிட்ச் (பின்னாடி ட்ரெய்லரை கோக்குற இரும்புச் சட்டம்) வாங்கி நானே மாட்டுறேன். ஃப்ரேம்ல கம்பெனியே வெல்ட் பண்ணி வச்ச நட்டுல இடது பக்க போல்ட் மூணு சுத்து போய் இறுகிடுது, வலது பக்கம் ஒண்ணுல போல்ட் கூடவே நட்டும் சுத்துது. என்ன பண்ணலாம்?

கையில இம்பேக்ட் கன் (போல்ட்டை அடிச்சு முறுக்குற மெஷின்) இருந்தா முதல்ல அதை கீழ வைங்க. மூணு சுத்துல நிக்குற போல்ட்டை கன் வச்சு அடிச்சா மரை மொத்தமா போயிடும், இல்லைன்னா உங்க வலது பக்கம் மாதிரி வெல்ட்டே பிச்சுக்கும்.

இடது பக்கத்துக்கு, போல்ட் சரியானதான்னு முதல்ல பாருங்க. 12 எம்எம் போல்ட்ல 1.25 பிட்ச், 1.75 பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் நடுவுல உள்ள தூரம், எம்எம்ல) ரெண்டும் உண்டு, ஜப்பான் வண்டிங்கள்ல 1.25 நிறைய வரும், கடையில சும்மா கேட்டா பெரும்பாலும் 1.75 தான் குடுப்பாங்க, மாத்திப் போட்டா ரெண்டு மூணு சுத்துல இப்படித்தான் கடிச்சு நிக்கும். சரியா ஏறுற போல்ட் ஒண்ணோட மரைக்கு மரை சேத்து வச்சு வெளிச்சத்துல பாருங்க, நடுவுல சந்து தெரியக்கூடாது.

பிட்ச் சரின்னா துருதான். உங்க ஊர்ல குளிருக்கு ரோட்ல கொட்டுற உப்பு ஃப்ரேம் உள்ள போய் நட்டுல அப்பிக்கும். துருவை இளக்குற பெனட்ரேட்டிங் ஆயில் அடிச்சு ராத்திரி முழுக்க விடுங்க, சின்ன குழாய் பிரஷ் விட்டு தேய்ங்க, அப்புறம் த்ரெட் சேஸர் (இருக்குற மரையை சுத்தம் பண்ற கருவி) போடுங்க. புது மரை வெட்டுற டேப் வேண்டாம், அது நல்ல மரையையும் சீவிடும். சேஸர் இல்லன்னா அதே பிட்ச் பழைய போல்ட்ல நீளவாக்குல ரெண்டு மூணு வெட்டு போட்டா போதும். ஒரு சுத்து உள்ள, அரை சுத்து பின்னாடி, வெளிய வர்ற செம்மண் கலர் சகதியை துடைச்சுட்டு மறுபடி. கடைசியா பிரேக் கிளீனர் அடிச்சு எண்ணெயை எடுத்துடுங்க, ஏன்னா ஹிட்ச்சோட வந்த பேப்பர்ல வேற மாதிரி சொல்லலன்னா அதுல போட்ட டார்க் அளவு (எவ்வளவு பலமா முறுக்கணும்ங்கறது) காஞ்ச மரைக்குத்தான், எண்ணெயோட அதே அளவுக்கு முறுக்கினா போல்ட் அளவுக்கு மீறி இழுபட்டுடும்.

வலது பக்கம், போல்ட் தலைக்கு கீழ பிரை பார் குடுத்து வெளிப்பக்கமா நெம்பிக்கிட்டே கழட்டுங்க, நட்டு ஃப்ரேம்ல அழுந்தி நிக்கும். அதுக்கும் வரலன்னா தலையை வெட்ட வேண்டியதுதான், நெருப்பால வெட்டுற கேஸ் டார்ச் மட்டும் வேண்டாம், பக்கத்துலயே பெட்ரோல் டேங்க் இருக்கு. அப்புறம் ஃப்ரேம்ல பக்கத்து ஓட்டை வழியா ஃபிஷ் வயரை (போல்ட்டை உள்ள இழுத்துக் கொண்டு வர்ற வளையுற கம்பி) விட்டு போல்ட் ஓட்டையில வெளிய எடுத்து, மறுமுனையில சதுர பிளாக் கோத்து புது போல்ட்டை மாட்டி உள்ள இழுத்துக்கிட்டு வெளியில நட்டு போடுங்க. அந்த பிளாக்தான் போல்ட் சுத்தாம புடிச்சு பாரத்தையும் பரப்பும், அதை விட்டுடாதீங்க. போல்ட் தலையில கிட்ல வந்த அதே நம்பர், 10.9ன்னா 10.9 தான் இருக்கணும், துரு பிடிக்காதுன்னு ஸ்டெயின்லெஸ் போடாதீங்க, சாதாரண ஸ்டெயின்லெஸ்ஸுக்கு அந்த பலம் கிடையாது.

வெல்ட் பிச்சுக்கிட்ட இடத்தைச் சுத்தி ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க, தகடு உதிர்ந்தா ஹிட்ச் மாட்டாதீங்க, ஃப்ரேம் வேலை பாக்குறவங்ககிட்ட காட்டுங்க. உறுதியா இருந்தா, ஹிட்ச்சை ஜாக்கில தாங்க விட்டு எல்லா போல்ட்டையும் முதல்ல கையால ஏத்திட்டு, அப்புறம் டார்க் ரெஞ்சால பேப்பர்ல போட்ட அளவுக்கு முறுக்குங்க. முதல் தடவை லோடு இழுத்துட்டு வந்ததும் இன்னொரு தடவை ரெஞ்ச் வச்சுப் பாருங்க.