கணக்கை உறுதிசெய்யும் இணைப்பை அழுத்தினால் 'டோக்கன் செல்லாது' என்று வருவது ஏன்?

பதிவு செய்தவருக்கு அந்த மின்னஞ்சல் முகவரி சொந்தம்தானா என்று பார்க்க சர்வர் அனுப்பும், யூகிக்க முடியாத எழுத்துச் சரம்தான் உறுதிப்படுத்தல் டோக்கன். கோயில் வாசலில் செருப்பு விடும்போது தரும் டோக்கன் மாதிரி: கையில் உள்ள எண்ணும் அலமாரி எண்ணும் ஒத்துப்போக வேண்டும், செருப்பைத் திருப்பித் தந்ததும் டோக்கனை வாங்கிக்கொள்வார்கள்.

எனவே மின்னஞ்சலில் போன சரத்தையும் சர்வர் லாகில் (வந்த கோரிக்கைகளின் பதிவில்) உள்ள சரத்தையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பைட்டுகளை எழுத்துகளாக்கும் முறைகளில் ஒன்றான சாதாரண பேஸ்64-இல் '+' வரலாம். இணைப்பில் கேள்விக்குறிக்குப் பின்னால் அது இருந்தால் சர்வர் பெரும்பாலும் இடைவெளியாகப் படித்துவிடும். சில பயனர்களுக்கு மட்டும் கோளாறு என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். 32 பைட்டை ஹெக்ஸாக்கி (0-9, a-f மட்டும்) 64 எழுத்தாக அனுப்பினால் அந்தத் தொல்லை இல்லை.

இரண்டும் ஒன்றாக இருந்தால் டேட்டாபேஸுக்குப் போங்கள். அங்கே டோக்கனுக்குப் பதில் அதன் ஹாஷை (அதிலிருந்து கணக்கிட்ட, மூலத்துக்குத் திருப்ப முடியாத சரத்தை) சேமித்திருந்தால், வந்த டோக்கனையும் ஹாஷ் செய்துதான் தேட வேண்டும். தவறுதலாக ஹாஷையே மின்னஞ்சலில் அனுப்புவதும் உண்டு. 'மீண்டும் அனுப்பு' புது டோக்கனை எழுதினால் பழைய மின்னஞ்சல் செல்லாது. பயனர் திறப்பது என்னவோ அதைத்தான்.

"ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்று வந்தால் பயனர் இரண்டு முறை அழுத்திவிட்டார் என்றே பலர் நினைக்கிறார்கள். அலுவலக மின்னஞ்சல்களில் பாதுகாப்பு மென்பொருளே இணைப்பைத் திறந்து சோதிப்பதுண்டு; இணைப்பைத் திறக்கும்போது போகும் அந்த கெட் கோரிக்கையிலேயே டோக்கன் செலவாகிவிடும். இணைப்பு ஒரு பக்கத்தை மட்டும் காட்டட்டும், அதிலுள்ள பொத்தான் அனுப்பும் போஸ்ட் கோரிக்கையில் கணக்கை உறுதிசெய்யுங்கள்.