கையை விடுங்கள், நாயின் வாந்தியைக் கவனியுங்கள்

கேள்வி: நான்கு நாட்களுக்கு முன் எங்கள் நாய் தேனீயைக் கவ்வப்போய் மூக்கில் கொட்டு வாங்கியது. பத்து நிமிடத்தில் இரண்டு முறை வாந்தி எடுத்துத் துவண்டு படுத்துவிட்டது. சளி மாத்திரையில் பாதி கொடுத்தேன், பிறகு சரியாகிவிட்டது. நாயை இழுக்கப் போன என் கையிலும் ஒரு தேனீ கொட்டியது. மறுநாள் முழங்கை வரை வீக்கம். அடுத்த முறை கொட்டினால் உயிரே போகும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. ஆன்டிபயாடிக் போட்டுக்கொள்ளட்டுமா?

பதில்: வேண்டாம். தேனீ கொட்டிய இடத்தைச் சுற்றிலும் இப்படி வீங்குவது ஒவ்வாமைதான், ஆனால் அந்த இடத்தோடு நிற்கிற ஒவ்வாமை. இரண்டு நாள் வரை ஏறும், முழுதாக வடிய ஒரு வாரம் ஆகலாம். மோதிரம் இருந்தால் கழற்றிவிட்டு, கையை உயர்த்தி வைத்து, ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். அரிப்புக்கு செட்டிரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரை ஒன்று போதும். இனிமேல் வலி கூடி, காய்ச்சலோ சீழோ வந்தால்தான் கிருமித்தொற்றைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இப்படிக் கை மட்டும் வீங்கியவர்களில், அடுத்த கொட்டுக்கு உடல் முழுக்க ஒவ்வாமை வருவது நூற்றில் பத்துப் பேருக்கும் குறைவு. இதைச் சொல்லாமல் மரணத்தை மட்டும் எழுதும் இணையப் பக்கங்களை மூடிவிட்டுத் தூங்குங்கள்.

எனக்குக் கவலை தந்தது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த வாந்திதான். மூக்கில்தானே கொட்டியது? வயிறு ஏன் புரள வேண்டும்? கொட்டிய இடம் எவ்வளவு வீங்கியது என்பதை விட, கொட்டாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். மனிதருக்கு உடலெங்கும் தடிப்பு, தொண்டை இறுக்கம், குரல் கம்முதல், மூச்சிரைப்பு, தலைசுற்றல், வாந்தி என்று வரும். நாய்க்குப் பெரும்பாலும் கல்லீரலும் குடலும்தான் முதலில் அடிவாங்கும். தோலில் ஒரு தடிப்புகூட இல்லாமல் வாந்தி, பேதி, வெளிறிய ஈறு, துவண்டு விழுதல் என்று, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும் அதிர்ச்சி நிலைக்கு நேராகப் போய்விடலாம். உங்கள் நாய் பிழைத்தது அந்த மாத்திரையால் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் இருக்கிறது, மூக்கடைப்பு மருந்தும் இருக்கிறது. முதலாவது நாயின் கல்லீரலையும் ரத்த அணுக்களையும் கெடுக்கும், இரண்டாவது இதயத்தைத் தாறுமாறாகத் துடிக்க வைக்கும். நாய் நன்றாக இருந்தாலும் மாத்திரை அட்டையோடு இன்றே கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். கொட்டியதையும் வாந்தி எடுத்ததையும் சொல்லி, மறுபடி நேர்ந்தால் என்ன செய்வது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

உடல் முழுக்கப் பரவும் ஒவ்வாமைக்கு மருந்து அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் ஊசி. செட்டிரிசின் அரிப்பைத்தான் அடக்கும். விழும் ரத்த அழுத்தத்தைத் தூக்காது, அடைக்கும் தொண்டையைத் திறக்காது. “மாத்திரை போட்டாச்சு, பார்ப்போம்” என்று காத்திருந்து கைமீறிய நிலையில் வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த நேரத்தில் ஆளை மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சிரைத்தால் சாய்ந்து உட்காரட்டும்; எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள். ஆம்புலன்ஸை அழையுங்கள். ஊசி போட்டுத் தெளிந்த பிறகும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும். அடங்கிய ஒவ்வாமை திரும்பக் கிளம்புவதுண்டு.

கொடுக்கை நகத்தால் வழிப்பதா, இடுக்கியால் பிடுங்குவதா என்ற விவாதத்தில் இறங்காதீர்கள். நஞ்சின் பெரும்பகுதி அரை நிமிடத்துக்குள் இறங்கிவிடும்; எப்படியாவது உடனே எடுங்கள். குளவி பொதுவாகக் கொடுக்கை விட்டுப் போகாது, அதனால் இல்லாததைத் தோண்டிப் புண்ணாக்க வேண்டாம்.

ஒவ்வாமையே இல்லாதவரும் அஞ்ச வேண்டிய நிலைகள் இரண்டு. வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினால் வீக்கமே மூச்சை அடைத்துவிடும். தேனீயைக் கவ்வும் பழக்கமுள்ள நாய்க்கு இது எப்போது வேண்டுமானாலும் நேரலாம். கூட்டமாகக் கொட்டினால் நஞ்சின் அளவே தசையையும் சிறுநீரகத்தையும் சிதைக்கும். இரண்டுக்கும் மருத்துவமனைதான்.

உங்களுக்கு ஒரு கேள்வி: ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை எடுக்கிறீர்களா? அது பீட்டா பிளாக்கர் வகை என்றால், அவசரத்தில் போடும் அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அடுத்த முறை உங்கள் மருத்துவரைப் பார்க்கும்போது தேனீ கொட்டியதைச் சொல்லுங்கள்.