கவரிங் லெட்டரை யாராவது படிக்கிறார்களா?

கேள்வி: பி.காம். முடித்து ஓர் ஆடிட்டர் ஆபீஸில் எட்டு மாதம் வேலை பார்த்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் ஒரு வருடம் வீட்டில் இருந்துவிட்டேன். இப்போது அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு விண்ணப்பம் போட்டபடியே இருக்கிறேன். எங்கிருந்தும் பதில் இல்லை. கவரிங் லெட்டரை யாராவது படிக்கிறார்களா, இல்லை வெறும் சம்பிரதாயமா? திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு அனுப்பியதை இணைத்திருக்கிறேன். - வாசகி, ஈரோடு

பதில்: படிக்காதவர்களும் உண்டு. ஆனால் படிக்கிறவர் கையில் கிடைத்தாலும் உங்கள் கடிதம் உதவியிருக்காது. ‘கடின உழைப்பாளி, நேர்மையானவள், குழுவோடு இணைந்து பணியாற்றுவேன்.’ இதை யார் எழுதமாட்டார்கள்? உங்கள் பெயரை எடுத்துவிட்டு வேறு யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும் கடிதம் இது.

அந்த விளம்பரம் கேட்டது இரண்டே விஷயம்: டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர், ஜிஎஸ்டி. எட்டு மாதமாக நீங்கள் செய்ததே அதுதான். அது பயோடேட்டாவின் இரண்டாம் பக்கத்தில், பொழுதுபோக்குக்கு மேலே, ஒற்றை வரியாகக் கிடக்கிறது! மாதாமாதம் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் வரிக் கணக்கு காட்டிக் கட்டும் 3பி. இந்தத் தேதிகள் நெருங்கும்போது கம்பெனியில் என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியும். சப்ளையர் ஒரு பில்லைத் தன் ஜிஎஸ்டிஆர்-1-இல் ஏற்றாமல் விட்டால், வாங்கியவர் கழித்துக்கொள்ளக்கூடிய வரியைக் காட்டும் 2பி பட்டியலில் அது வராது. கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாமல் முதலாளியின் பணம் முடங்கும். அதைத் தேடிப்பிடிக்கும் ஆளைத்தான் அவர் தேடுகிறார். எனவே முதல் பத்தியே இப்படி இருக்கட்டும்:

‘ஆடிட்டர் அலுவலகத்தில் எட்டு மாதம் ஜிஎஸ்டி வேலை பார்த்தேன். பர்ச்சேஸ் பில்களை 2பி-யோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றை சப்ளையரிடம் பேசி ஏற்றவைப்பது என் பொறுப்பு. டேலியில் தனியாக என்ட்ரி போடுவேன்.’

ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே மாதிரி சின்னச் சின்ன வாக்கியம் போதும். நெட்டில் எடுத்த கனமான ஆங்கிலம் வேண்டாம். நேர்முகத்தில் அதே மொழியில் உங்களால் பேச முடியாது என்றால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். எத்தனை பார்ட்டிக்கு, அதாவது வாடிக்கையாளருக்கு, செய்தீர்கள் என்ற எண்ணிக்கையையும் சேருங்கள், நிஜமான எண்ணிக்கையை மட்டும்.

ஒரு வருட இடைவெளியை மறைக்காதீர்கள். ‘தாயாரின் சிகிச்சைக்காக வீட்டில் இருந்தேன், இப்போது முழுநேர வேலைக்குத் தயார்’ என்று ஒரே வரி. அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

அப்புறம், அந்தக் கடைசிப் பத்தி. குடும்பக் கஷ்டத்தைச் சொல்லி, ‘வேலை கொடுத்தால் என்றும் கடமைப்பட்டிருப்பேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே எனக்கு வருத்தமாக இருந்தது. நீங்கள் உதவி கேட்டுப் போகவில்லை. தெரிந்த தொழிலைக் கொண்டுபோகிறீர்கள். அந்தப் பத்தியை அப்படியே அடித்துவிட்டு, எப்போது சேர முடியும், திருப்பூரில் தங்குவீர்களா, ஈரோட்டிலிருந்து தினம் வருவீர்களா என்பதை எழுதுங்கள். அவர்கள் போன் செய்தால் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

மெயிலின் சப்ஜெக்ட் வரியையும் காலியாக விட்டிருக்கிறீர்கள். வேலையின் பெயர், உங்கள் பெயர், ‘ஜிஎஸ்டி அனுபவம் 8 மாதம்’. திருத்தி எழுதி, அதே கம்பெனிக்கே இன்னொரு முறை அனுப்புங்கள்.