உலகம் அழிகிற வாரத்தில் ஒரு காதல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வாரம் ஒரு கொரியத் தொடர் பார்த்தேன். பிஎல் வகை, அதாவது 'பாய்ஸ் லவ்', ஆண்கள் இருவரின் காதல் கதை. மொத்தம் எட்டு எபிசோட், ஒவ்வொன்றும் இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். விண்கல் ஒன்று பூமியில் மோதப்போகிறது, இன்னும் 15 நாள்தான் இருக்கிறது என்று அரசாங்கம் அறிவித்துவிடுகிறது. பள்ளியில் ஒன்றாகப் படித்து ஏதோ மனஸ்தாபத்தில் பிரிந்த இரண்டு பேர், சியோலில் ஒரு கன்வீனியன்ஸ் ஸ்டோரில் மறுபடி சந்திக்கிறார்கள். ஒருவன் அங்கே பில் போடுகிறவன். இன்னொருவன் ராமியான் நூடுல்ஸ் வாங்க வருகிறவன்.

முதல் எபிசோட் முடிந்ததும் அலுவலகத் தோழிக்கு மெசேஜ் போட்டு அவளையும் பார்க்கவைத்தேன். மூன்றாவது எபிசோடில் சந்தேகம் வந்தது. எட்டாவதில் கோபமே வந்துவிட்டது. கடற்கரைக்குப் போகிறார்கள், பட்டம் விடுகிறார்கள், மெழுகுவர்த்தி ஏற்றிச் சாப்பிடுகிறார்கள். வீட்டு ஆட்கள் யாரையும் காணோம். கடைசி எபிசோடில் ஒருவன் கார் விபத்தில் இறந்துவிடுகிறான், மற்றவன் தனியாக வானத்தைப் பார்த்து நிற்கிறான். அவ்வளவுதான்.

தோழி சொல்கிறாள்: "குறைந்த பட்ஜெட்டில் எடுத்தது, காதல் கதையில் இதற்குமேல் என்ன வேண்டும் உனக்கு?" நான் அதிகமாக எதிர்பார்க்கிறேனா? இதற்குமுன் 'குட்பை எர்த்' என்ற கொரியத் தொடரைப் பார்த்தும் இதே ஏமாற்றம்தான். உலக அழிவுக் கதை கொரியாக்காரர்களுக்கு வராதா?

எம், கோவை

அன்புள்ள எம்,

தொடரின் பெயரை உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். சின்ன நிறுவனம் எடுத்தது. நடித்த இரண்டு பையன்களும் புதியவர்கள். குறை அவர்களுடையது அல்ல. நானும் எட்டையும் பார்த்தேன். உங்கள் அளவுக்குக் கோபம் வரவில்லை, ஆனால் ஐந்தாவது எபிசோடில் போனை எடுத்து வேறு எதையோ பார்க்க ஆரம்பித்துவிட்டேன். கோபத்தைவிட அது மோசமான விமர்சனம் என்று நினைக்கிறேன்.

முதலில் பட்ஜெட். இந்தச் சமாதானத்தை உங்கள் தோழி மட்டுமல்ல, பிஎல் பார்க்கிற எல்லோருமே சொல்கிறார்கள். 2020இல் வந்த 'வேர் யுவர் ஐஸ் லிங்கர்' இதைவிடச் சின்னது. பத்துப் பன்னிரண்டு நிமிட எபிசோட்கள் எட்டு, அவ்வளவுதான். ஒரு பணக்கார வீட்டுப் பையன், அவனுக்குக் காவலாக வளர்க்கப்பட்ட நண்பன். இருவருக்கும் நடுவில் எஜமானன், வேலைக்காரன் என்ற கோடு ஒன்று இருக்கிறது. அந்தக் கோடு ஒன்றே கதையைக் கடைசிவரை இழுத்துப்போகிறது. 2022இல் 'செமாண்டிக் எரர்' பெரிய வெற்றி பெற்றதே, அதிலும் என்ன செலவு? ஒரு பல்கலைக்கழக வளாகம், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முறைத்துக்கொள்ளும் இரண்டு பேர். பணம் இல்லாததால் ஒரு காதல் கதை கெட்டுப்போனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

உலக அழிவுக்கும் பணம் தேவையில்லை. விண்கல்லைக் காட்டவே வேண்டாம். இந்தத் தொடரிலேயே அதற்கு ஆதாரம் இருக்கிறது. இரண்டாவது எபிசோடின் தொடக்கம் நினைவிருக்கிறதா? இரவு ஷிப்ட். கடையில் ஒருவரும் இல்லை. பில் போடுகிறவன் குளிர்பெட்டியிலிருந்து முக்கோணக் கிம்பாப்களை (கடற்பாசித் தாளில் சுற்றிய சோற்றுப் பொட்டலம்) ஒவ்வொன்றாக எடுத்து, நேரம் பார்த்து, காலாவதியானவற்றைத் தனிக் கூடையில் போடுகிறான். நண்பன் வந்து அந்தக் கூடையிலிருந்தே ஒன்றை எடுத்து நீட்டுகிறான். ஸ்கேனர் ஏற்கவில்லை, "நேரம் தாண்டிவிட்டது, விற்க முடியாது" என்கிறான் இவன். இன்னும் 13 நாளில் உலகமே இருக்காது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு இவன் கூடையிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பிரித்துத் தின்கிறான். கொரியாவில் இந்த மாதிரிக் கடைகளில் பார்ட் டைம் வேலை பார்க்கிறவர்கள் அப்படிக் கழித்துப்போட்ட பொட்டலத்தைச் சாப்பிடுவது சகஜம் என்பதால், அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் காட்சி இன்னும் நெருக்கமாக இருந்திருக்கும். வசனம் நாலு வரி. செலவு நாலு கிம்பாப். நல்ல தொடர் ஒன்று அங்கே ஆரம்பித்தது. ஆனால் மூன்றாவது எபிசோடில் கடையை மூடிவிட்டுக் கடற்கரைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

நீங்கள் "வீட்டு ஆட்கள் யாரையும் காணோம்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். என் பார்வையில் கோளாறே அதுதான். இந்தத் தொடரில் விண்கல் விழுவதற்கு முன்பே எல்லாம் காலி. அம்மா இல்லை, அப்பா இல்லை, சர்ச் இல்லை, மேலதிகாரி இல்லை, பக்கத்து வீட்டு ஆஜும்மாகூட (நடுவயது அம்மாள்) இல்லை. கொரியாவில் ஒரு ஆண் இன்னொரு ஆணைக் காதலிப்பதை யாரெல்லாம் கஷ்டமாக்குவார்களோ அத்தனை பேரையும் ஸ்கிரிப்ட் முதல் பத்து நிமிடத்திலேயே வெளியேற்றிவிட்டது. அப்புறம் மிச்சமிருக்கிற இரண்டு பேரைப் பார்த்து, "இப்போது தைரியமாகக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்கிறது. பிடித்துக்கொள்கிறார்கள். யாரை எதிர்த்து?

முக்கியமாக ராணுவத்தைச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு பேருக்கும் இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். கொரிய ஆண்களுக்கு ராணுவ சேவை கட்டாயம். தரைப்படையில் 18 மாதம். திரும்பி வந்த பிறகும் எட்டு ஆண்டுகள் ரிசர்வ் பட்டியலில் பெயர் இருக்கும். பூமி அழியப்போகிறது என்று அரசு அறிவித்தால், ஊரடங்கைக் காக்கவும் அரிசிக் கிடங்குக்குக் காவல் நிற்கவும் முதலில் யாருக்குத் தகவல் போகும்? இவர்களுக்குத்தான். இவர்கள் கடற்கரையில் பட்டம் விட்டுக்கொண்டிருக்க முடியாது, சீருடையில் நிற்பார்கள். அந்தச் சீருடைக்குள் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கொரியாவில் சாதாரணக் குடிமக்களுக்கு ஓரினச்சேர்க்கை எந்தக் காலத்திலும் குற்றமாக இருந்ததில்லை. ஆனால் ராணுவக் குற்றவியல் சட்டத்தின் 92-6ஆம் பிரிவு, படைவீரர்களுக்கு இரண்டு ஆண்டுவரை சிறை என்கிறது. பாசறைக்கு வெளியே, பணிநேரம் அல்லாதபோது, இருவர் சம்மதத்தோடு நடந்தால் தண்டிக்கக் கூடாது என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிரிவு மட்டும் போகவில்லை. 2023 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லும் என்று மறுபடி சொல்லிவிட்டது. உலகம் அழிய 15 நாள் இருக்கும்போது ரிசர்வில் அழைக்கப்படும் இரண்டு காதலர்கள், ஒரே பாசறை, இந்தச் சட்டம். இதைக் கையில் வைத்துக்கொண்டு பட்டம் விட்டிருக்கிறார்கள்.

கொரியாக்காரர்களுக்கு உலக அழிவுக் கதை வராதா என்று கேட்கிறீர்கள். நன்றாகவே வரும். 2023இல் வந்த 'கான்கிரீட் யுடோபியா' படத்தைப் பாருங்கள். பூகம்பத்தில் சியோல் மொத்தமும் இடிந்துபோக, ஒரே ஒரு அபார்ட்மெண்ட் கட்டடம் நிற்கிறது. உடனே எழும் கேள்வி, யார் இங்கே உரிமையாளர், யார் வெளியாள் என்பதுதான். சியோலில் ஒரு ஃபிளாட் என்பது ஒரு குடும்பத்தின் மொத்த அந்தஸ்து. பூகம்பத்துக்குப் பிறகு அந்தப் பைத்தியம் இன்னும் முற்றுகிறது. ஊரில் ஏற்கெனவே இருக்கிற நோயைப் பேரழிவு வெளியே கொண்டுவருகிறது. நீங்கள் பார்த்த தொடரில் பேரழிவு அந்த நோயை மூடி மறைத்துவிட்டது.

'குட்பை எர்த்' விஷயம் வேறு. 12 எபிசோட், நான்கைந்து ஆட்களின் கதைகள், கால வரிசையில் முன்னும் பின்னுமாகத் தாவல். நடுவில் முக்கிய நடிகர் ஒருவர்மீது போதைப்பொருள் வழக்கு வந்ததால் வெளியீடு 2024 ஏப்ரல்வரை தள்ளிப்போனது, அவர் வரும் பகுதிகளையும் குறைத்தார்கள். எதை வெட்டினார்கள், எது ஆரம்பத்திலிருந்தே குழப்பமாக இருந்தது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் அதில் ஒரு பெண் ராணுவ அதிகாரி உண்டு, பாதிரியார் உண்டு, கள்ளச்சந்தை உண்டு, பள்ளிக்கூடம் உண்டு. ஊர் என்ற ஒன்று இருந்தது. சலிப்பாக இருந்தாலும் எனக்கு அதன்மேல் கொஞ்சம் மரியாதை மிச்சமிருக்கிறது.

பிஎல் ரசிகர்கள் இதற்குச் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். "எங்களுக்கு வேண்டியது யாரும் யாரையும் வெறுக்காத ஓர் உலகம். அப்பா அடிப்பதையும் அம்மா அழுவதையும் செய்தியில் பார்த்துக்கொள்கிறோம்." நியாயம்தான். இந்த வகையே 1970களில் மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளில் பெண்கள் பெண்களுக்காக வரைந்ததிலிருந்து கிளைத்தது. கொரியாவில் இணையத்தில் வரும் வெப்நாவல், வெப்டூன் (படக்கதை) வழியாக வளர்ந்து திரைக்கு வந்தது. அதன் வேலை ஆறுதல் தருவது. 'செமாண்டிக் எரர்' பார்க்கும்போது இந்தப் பையன்களின் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. தோன்றாதபடி அது என்னைச் சிரிக்கவைத்துக்கொண்டே இருந்தது. அந்த இனிப்பு உலகத்தில் கதை சொல்வதானால் சொல்லுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. அங்கே விண்கல் எதற்கு? வெறுப்பே இல்லாத ஊரில் இவர்கள் பத்து வருடம் பேசாமல் இருந்ததற்கும், சாவு நெருங்கிய பிறகுதான் வாய் திறப்பதற்கும் காரணம் வேண்டாமா? பழைய மனஸ்தாபம் என்னவென்று கடைசிவரை சொல்லவேயில்லை, கவனித்தீர்களா? சொன்னால் ஊரைக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

உங்களைக் கோபப்படுத்திய முடிவுக்கு வருகிறேன். எல்லோரும் சாகப்போகிற கதை இது. நாயகன், வில்லன், நாய், பூனை, சியோல் மாநகராட்சி எல்லாம் போகப்போகிறது. அப்படிப்பட்ட கதையிலும் இந்த இருவரில் ஒருவனை இரண்டு நாள் முன்கூட்டியே காரில் மோதிக் கொன்றுவிடுகிறார்கள்! ஆண்கள் இருவர் காதலித்தால் ஒருவன் கடைசியில் செத்தாக வேண்டும் என்பது சினிமாவில் பழைய வழக்கம், பல நாடுகளில் உண்டு. விண்கல்லே அதைச் செய்துமுடிக்க இருந்தும், அதுவரை பொறுக்க முடியாத அளவுக்கு அந்த வழக்கம் கையில் ஊறிப்போயிருக்கிறது. நான் சிரித்துவிட்டேன் என்று சொன்னால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த இடத்தில் சோ சோங்-ஊக், கிம் யோங்-மின் என்ற ஆண் ஜோடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது நிஜக் கதை. 2019இல் உறவினர்களைக் கூட்டித் திருமணச் சடங்கு நடத்திக்கொண்டார்கள். சட்டம் அதைத் திருமணமாக ஏற்கவில்லை. 2020 பிப்ரவரியில் கிம்மின் தேசிய மருத்துவக் காப்பீட்டில் சோவைச் சார்ந்திருப்பவராகப் பதிந்தார்கள், பதிவாகிவிட்டது. செய்தி வெளியே வந்ததும், தவறுதலாக நடந்தது என்று அலுவலகம் அதே ஆண்டு ரத்து செய்து, தனியாகப் பிரீமியம் கட்டச் சொல்லி பில் அனுப்பியது. வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் தோல்வி, 2023இல் சியோல் உயர் நீதிமன்றத்தில் வெற்றி, 2024 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றத்திலும் வெற்றி. நாலு வருடப் போராட்டம் ஒரு காப்பீட்டு அட்டைக்கு. காய்ச்சல் வந்தால் இன்னொருவர் கணக்கில் வைத்தியம் பார்த்துக்கொள்ள, வயதானபின் ஆஸ்பத்திரிக்குப் போக. திருமணப் பதிவு இன்னும் கிடைக்கவில்லை. 2025 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முதல் தடவையாக, ஒரே பாலினத்தவர் இருவர் தங்களை வாழ்க்கைத் துணை என்று குறிக்க முடிந்தது. அதற்குமுன் அப்படிக் குறித்தால் படிவம் ஏற்காது.

அங்கே நிஜமான ஜோடிகள் கேட்பது இன்னும் முப்பது வருடம். தொடர் கொடுத்தது 15 நாள், அதிலும் இரண்டைப் பிடித்துக்கொண்டது. எதிர்காலமே இல்லை என்றால் காதலித்துக்கொள்ளலாம் என்று அனுமதிப்பது தாராள மனசு மாதிரித் தெரியும். எனக்கு அது கஞ்சத்தனமாகத்தான் படுகிறது. எடுத்தவர்கள் இப்படி யோசித்து எடுத்திருக்க மாட்டார்கள். விண்கல் வைத்தால் போஸ்டர் நன்றாக இருக்கும் என்றுதான் யோசித்திருப்பார்கள். யோசிக்காமல் எடுத்தாலும் கதை எதையோ சொல்லிவிடுகிறது.

ஆக, நீங்கள் அதிகமாக எதிர்பார்க்கவில்லை. உலகத்தை அழிக்கிறேன் என்று ஆரம்பித்தவர்கள் அவர்கள்; அழிப்பதற்கு முதலில் ஓர் உலகத்தைக் காட்டு என்று கேட்கிறீர்கள், அவ்வளவுதான். இதை உங்கள் தோழியிடம் என் பெயரைச் சொல்லியே சொல்லலாம்.

அடுத்து எதையாவது பார்ப்பதானால், பார்க் சாங்-யோங் தன் நாவலிலிருந்து தானே திரைக்கதை எழுதிய 'லவ் இன் தி பிக் சிட்டி' பாருங்கள். 2024 அக்டோபரில் வந்தது. டிரெய்லர் வெளியானதுமே எதிர்ப்புக் குழுக்கள் புகார் கொடுத்து அதை இறக்கவைத்தன. பிறகு எட்டு எபிசோடும் ஒரே நாளில் வெளியாயின. இரண்டிரண்டு எபிசோடாக நான்கு இயக்குநர்கள் எடுத்திருப்பதால் நடை மாறிக்கொண்டே இருக்கும், கடைசி இரண்டு எனக்குக் கொஞ்சம் இழுவை. மூன்றிலும் நாலிலும் நாயகனின் அம்மா வருகிறார்: சர்ச்சே கதி என்று இருப்பவர், புற்றுநோய் வேறு. மகன் அவரைக் கவனித்துக்கொண்டே இன்னொரு பக்கம் காதலிக்கிறான், எரிச்சல்படுகிறான், பொய் சொல்கிறான். விண்கல் எதுவும் கிடையாது. தேடும்போது அதே பெயரில் அதே மாதம் வந்த திரைப்படமும் சேர்ந்து வரும். அது நாவலின் முதல் கதையை மட்டும் எடுத்தது. நான் சொல்வது எட்டு எபிசோட் உள்ளதை.