பையன் டிஃபென்சிவ் லைன் ஆடறான், என்எஃப்எல் போவேங்கறான்: ஃபிரிஸ்கோ அக்காவுக்கு பதில்

அக்கா, உங்க மெயில ரெண்டு தடவ படிச்சேன். பையனுக்கு 16 வயசு, 6 அடி 2 இன்ச், 235 பவுண்டு, டெக்சாஸ்ல ஸ்கூல் அமெரிக்கன் ஃபுட்பால் டீம்ல டிஃபென்சிவ் எண்ட் (எதிரணி சுவர உடைக்கற லைன்ல ஓரத்து ஆள்), அடுத்த ஆகஸ்ட்டுக்குள்ள 260 ஆகணும்னு கோச் சொல்லிட்டாரு, இவன் ராத்திரி 10 மணிக்கு நாலு முட்ட ஆம்லெட் கேக்கறான், அப்பா "இதெல்லாம் சோறு போடுமா"ன்னு கத்தறாரு, ஊர்ல பாட்டி வீடியோ கால்ல பாத்துட்டு "இப்பத்தான் புள்ள லட்சணமா இருக்கான்"னு சந்தோஷப்படறாங்க. வீட்ல நிம்மதியா தூங்கறது பாட்டி மட்டும்தான் போல.

நிப்பாட்டட்டுமான்னு கேட்டீங்க. வேணாம். ஆனா என்எஃப்எல், அதாவது அமெரிக்கன் ஃபுட்பாலோட தொழில்முறை லீக்ங்கற கணக்க மட்டும் இன்னைக்கே தூக்கி ஓரமா வைங்க. அமெரிக்காவுல ஹைஸ்கூல் ஃபுட்பால் ஆடற பசங்க சுமார் 10 லட்சம் பேரு, காலேஜ் போய் என்சிஏஏங்கற காலேஜ் விளையாட்டு அமைப்போட டீம்கள்ல ஆடறது 70,000 சொச்சம், வருஷா வருஷம் டிராஃப்ட்ல, அதாவது என்எஃப்எல் டீம்கள் புது ஆட்டக்காரங்கள வரிசையா எடுக்கறதுல, 32 டீமும் சேந்து ஏழு ரவுண்டுல எடுக்கறது ஏறக்குறைய 260 பேரு, அதுவும் குவார்ட்டர்பேக் (பந்த எறியறவன்), ரிசீவர் (அத பிடிக்கறவன்) எல்லாரையும் சேத்து. நம்ம ஊர்ல நீட்டுக்கு அழறோம், இத பாத்தா நீட் தேவலாம்னு தோணும். உள்ள போய்ட்டாலும் சராசரியா மூணு வருஷம், சொச்சம், அவ்ளோதான்னு ஆட்டக்காரங்க சங்கமே சொல்லுது. 2024ல புதுசா சேர்றவனுக்கு குறைஞ்சபட்ச சம்பளம் 7,95,000 டாலர்னு கேட்டா வாய பொளப்போம், ஆனா சீசன் முன்னாடி டீம்ல இருந்து கழட்டி விட்டுட்டா அந்த பணமும் பெரும்பாலும் கைக்கு வராது. 26 வயசுல "அடுத்து என்ன"ன்னு நிக்கறவங்கதான் அதிகம்.

அப்பாவுக்கு இந்த வேலை என்னன்னே புரியலன்னு எழுதிருந்தீங்க, அவர்கிட்ட இப்டி சொல்லுங்க. கபடில ரெய்டர கோட்டுக்கு திரும்ப விடாம பிடிக்கறாங்கள்ல, இங்க தலைகீழ், அஞ்சு பேரு சுவரு மாதிரி நிப்பாங்க, உங்க பையன் அத உடைச்சுக்கிட்டு பந்து வச்சிருக்கறவன்கிட்ட போகணும். ஒரு கைய புல்லுல ஊனி குனிஞ்சு நிப்பான், பந்து நகர்ந்த அந்த நொடி கிளம்பணும், எதுத்தாப்ல இருக்கறவன் காலேஜ்லன்னா 300 பவுண்டு, அதாவது 136 கிலோ, அவன் கை நம்ம நெஞ்சுல படறதுக்கு முன்னாடி நம்ம கை அவன் மேல படணும், மூணு நாலு செகண்ட்ல எல்லாம் முடிஞ்சுடும், எந்திரிச்சு வந்து மறுபடி குனியணும். ஒரு மேட்ச்ல இது அம்பது தடவ. டிவில யாரும் கவனிக்க மாட்டாங்க, குவார்ட்டர்பேக்க கீழ சாச்சா மட்டும் பேரு வரும். வெள்ளிக்கிழம மேட்ச்ல பந்த பாக்காதீங்க, அவன் கைய மட்டும் பாருங்க, வேற ஆட்டம் மாதிரி தெரியும்.

அந்த அம்பது தடவதான் எனக்கும் பயம். தல சுத்தி விழுந்தாதான் அடின்னு இல்ல, லைன்ல ஆடறவனுக்கு சின்ன சின்ன மோதல் ஒவ்வொரு பிளேலயும் இருக்கு, அது வருஷக்கணக்குல சேர்றதுதான் சிடிஇங்கற மூளை நோய்க்கு காரணம்னு சொல்றாங்க. பாஸ்டன் யுனிவர்சிட்டிகாரங்க 2017ல வெளியிட்டதுல தானமா வந்த 111 என்எஃப்எல் ஆட்டக்காரங்க மூளைல 110ல அது இருந்துச்சு. சந்தேகம் வந்த குடும்பங்கதான் பெரும்பாலும் தானம் குடுத்துருப்பாங்க, அதனால ஆடற எல்லாருக்கும் வரும்னு அர்த்தம் பண்ணிக்க வேணாம், ஆனா உயிரோட இருக்கறப்போ இத உறுதியா கண்டுபிடிக்க டெஸ்ட்டே இல்லங்கறத மறக்காதீங்க. டெக்சாஸ்ல சீசன் நேரத்துல ஃபுல் கான்டாக்ட் (மோதி ஆடற) ப்ராக்டிஸுக்கு யூஐஎல்ங்கற ஸ்கூல் போட்டி அமைப்பு வரம்பு வச்சிருக்கு, அத உங்க ஸ்கூல் எப்டி கணக்கு வைக்குதுன்னு கோச்கிட்ட நேரா கேளுங்க. கேட்டா கோச் கோச்சுக்குவாருன்னு நினைக்காதீங்க. கோச்சுக்கிட்டா அதுவே ஒரு பதில்தான்.

எடை விஷயம். 25 பவுண்டு ஏத்தணுமா வேணாமான்னு கோச் மட்டும் முடிவு பண்ணக்கூடாது, டாக்டர் பாக்கணும், பிபி, சுகர், தூக்கத்துல குறட்டை எல்லாத்தையும் பாத்து சொல்லட்டும். என்எஃப்எல்ல டிஃபென்சிவ் லைன் ஆடின ஆரான் டொனால்ட் 6 அடி 1 இன்ச்தான், இந்த எடத்துக்கு குள்ளம், எடையும் கம்மின்னு சொன்னாங்க, 2014ல 13வது ஆளா எடுத்தாங்க, பத்து சீசன் ஆடி மூணு தடவ லீக்லயே சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் ஆனாரு. கையும் காலும் வேகமா இருந்தா எடை கொஞ்சம் பொறுத்துக்கும். அதே லைன்ல ஆடின ஜேஜே வாட் கதை இன்னும் வேடிக்க, மொத காலேஜ்ல வேற பொசிஷன்ல ஸ்காலர்ஷிப்போட இருந்தவரு, அத விட்டுட்டு விஸ்கான்சினுக்கு ஸ்காலர்ஷிப் இல்லாமலே போய் சேந்தாரு, நடுவுல பீட்ஸா டெலிவரி வேலை. பையன்கிட்ட இத சொல்லுங்க, ஆனா பீட்ஸா டெலிவரியோட நின்னுபோனவங்க கதைய யாரும் டிவில போடறதில்லன்னும் சேத்து சொல்லுங்க.

அப்பாவுக்கு சொல்ல ஆலன் பேஜ் கதை. மினசோட்டா வைக்கிங்ஸ் டீமோட டிஃபென்சிவ் டாக்கிள் (லைன் நடுவுல ஆடறவர்), 1971ல லீக்கோட எம்விபி, அதாவது அந்த வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரர், ஆடிக்கிட்டே லா காலேஜ் போய் 1978ல பட்டம் வாங்கினாரு, அதே வருஷம்தான் ஓட்டப்பயிற்சி பண்ணி எடை குறைஞ்சவர டீம் கழட்டி விட்டுச்சு, வேற டீமுக்கு போய் 1981 வரைக்கும் ஆடினாரு. அப்புறம் 1993ல இருந்து 2015 வரைக்கும் மினசோட்டா சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ். "சோறு போடுமா"ங்கறதுக்கு இத விட நல்ல பதில் என்கிட்ட இல்ல.

இப்ப காலேஜுக்கு வருவோம், உங்க கைல இருக்கறது இது ஒண்ணுதான். ஹைஸ்கூல் முடிச்சு மூணு வருஷம் ஆகாம டிராஃப்ட்டுக்கே போக முடியாது, அதனால அவன் கனவு நிஜமானாலும் காலேஜ் வழியாத்தான் போயாகணும். ஆஃபர் வர்றப்போ நான் எல்லா வீட்லயும் ஒரே கேள்விதான் கேப்பேன்: மொத ப்ராக்டிஸ்லயே முட்டி ஜவ்வு கிழிஞ்சு இனி ஆட்டமே இல்லன்னு ஆனா, அந்த காலேஜ்ல அந்த படிப்ப முடிப்பானா? மாட்டான்னா அந்த ஆஃபர் எவ்ளோ பளபளன்னு இருந்தாலும் வேணாம். என்கிட்ட வந்த ஒரு பையனுக்கு ஒரு பெரிய யுனிவர்சிட்டி வாய்வார்த்தையா சீட் குடுத்துச்சு, வீட்ல கேக் எல்லாம் வெட்டினாங்க, கோச் மாறினாரு, ஃபோன எடுக்கறதே நின்னுபோச்சு. எழுத்துல கையெழுத்து ஆகற வரைக்கும் எதுவும் ஆஃபர் இல்ல.

காலேஜ் ஆட்டத்தோட மேல்மட்டமான டிவிஷன் 1 மேல பசங்களுக்கு ஒரு வெறி இருக்கு. எம்ஐடி, கார்னெகி மெலன், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் எல்லாத்துலயும் ஃபுட்பால் டீம் இருக்கு, எல்லாம் டிவிஷன் 3, ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் கிடையாது, வருமானத்த பாத்து உதவி உண்டு. ஹார்வர்ட், யேல் மாதிரி ஐவி லீக் காலேஜ்கள் டிவிஷன் 1தான், ஆனா அங்கயும் ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் கிடையாது, வருமானத்த பாத்துதான் உதவி. அப்பா கேக்கற இன்ஜினியரிங்கும் இவன் கேக்கற ஆட்டமும் ஒரே எடத்துல கிடைக்குது, ரெண்டு பேரையும் உக்கார வச்சு இந்த லிஸ்ட்ட காட்டுங்க. டிவிஷன் 1க்கே போகணும்னா 16 கோர் பாடம் (இங்கிலீஷ், கணக்கு, சயின்ஸ் மாதிரி) முடிக்கணும், அதுல ஜிபிஏ, அதாவது 4க்கு கணக்கு போடற மார்க் சராசரி, 2.3க்கு குறையக்கூடாது. உங்க பையன் 3.6ன்னு எழுதிருக்கீங்க, பிரச்சன இல்ல, ஆனா கோர் பாட லிஸ்ட்ல இல்லாத கிளாஸ்ல மார்க் வாங்கி பிரயோஜனம் இல்ல, ஸ்கூல் கவுன்சிலர்கிட்ட லிஸ்ட் வாங்கி டிக் அடிங்க. டெக்சாஸ்ல பெரும்பாலான பாடங்கள்ல எதுலயாவது 70க்கு கீழ போனா கொஞ்ச நாளைக்கு மேட்ச்சே ஆட விடமாட்டாங்க, அந்த ஒரு ரூலுக்காகவே எனக்கு இந்த ஸ்டேட்ட பிடிக்கும்.

கடைசியா, நீங்க ஒரே வரில எழுதிட்டு போன விஷயம், பையன் ஹெச்4 விசா, அதாவது பெத்தவங்க வேலை விசாவ சார்ந்த விசா. 21 வயசுல அது போயிடும், எஃப்1ங்கற ஸ்டூடண்ட் விசாவுக்கு மாறணும், எஃப்1ல இருக்கற பையன் தன் பேர வச்சு விளம்பரப் பணம் வாங்கறது பெரிய சிக்கல், கூட ஆடறவன் வாங்கறானேன்னு இவனும் கையெழுத்து போட்டா விசாவே போகலாம். கோச்சுக்கு இது தெரிஞ்சிருக்கணும்னு அவசியம் இல்ல. இமிகிரேஷன் லாயர் ஒருத்தர இப்பவே பாருங்க.

டிரான்ஸ்கிரிப்ட்டும் நாலு மேட்ச் வீடியோவும் அனுப்புங்க, நல்லா ஆடினது ரெண்டு, சொதப்பினது ரெண்டு. ஹைலைட்ஸ் வேணாம். ஆம்லெட் போட்டு குடுங்க, டாக்டர் சொல்ற வரைக்கும் ராத்திரி நாலு முட்டைய ரெண்டாக்குங்க.