1,800 மீட்டர் ஓடுபாதைக்கு ஏ320 வராதது ஏன்?

புதிய முனையம் கட்டியும், 1,800 மீட்டர் ஓடுபாதை உள்ள ஒரு விமான நிலையத்துக்கு ஏ320 (ஏர்பஸ் நிறுவனத்தின் ஜெட் பயணிகள் விமானம்) ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். முனையத்தைப் புதிதாகக் கட்டினாலும், அந்த ஓடுபாதையிலிருந்து ஏ320 முழு எடையுடன் புறப்படுவது கடினம். கடல்மட்டத்தில், மிதமான வெப்பநிலையிலேயே அதற்குச் சுமார் 2,100 மீட்டர் தேவைப்படும், வெப்பம் ஏறினால் காற்றின் அடர்த்தி குறைந்து இத்தேவை மேலும் கூடும். எடையைக் குறைக்க இருக்கைகளைக் காலியாக விட்டுப் பறப்பது கட்டுப்படியாகாது என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

வானூர்தித் தகவல் வெளியீடு (ஏஐபி) எனும் அதிகாரபூர்வ ஆவணத்தில் அந்த விமான நிலையத்தின் அறிவிக்கப்பட்ட தூரங்களை, அதாவது புறப்படவும் தரையிறங்கவும் உண்மையில் பயன்படுத்தக்கூடிய நீளங்களைப் பாருங்கள். விமானம் ஓடுபாதையைத் தாண்டிவிட்டால் சேதத்தைக் குறைக்க விடப்படும் ஓடுபாதை முனைப் பாதுகாப்புப் பகுதியை (குறைந்தது 90 மீட்டர், பரிந்துரை 240 மீட்டர்) அமைக்க ஓடுபாதைக்கு அப்பால் நிலம் இல்லாவிட்டால், ஓடுபாதையிலிருந்தே நீளத்தைக் கழித்திருப்பார்கள்.

ஓடுபாதையை நீட்டிக்கலாமே என்று தோன்றலாம். ஆனால் நீட்டிப்பு மட்டும் போதாது. விமானத்தின் எடையைத் தாங்கும் அளவுக்கு ஓடுபாதைத் தளத்தின் தாங்குதிறனும் ஒத்துவர வேண்டும். நிலம் கிடைக்காத இடத்தில், சுமார் 1,300 மீட்டரில் புறப்படும் ஏடிஆர் 72 (சுழல்விசிறி கொண்ட சிறிய பயணிகள் விமானம்) சேவையைக் கோருவதே நடைமுறைக்கு உகந்தது என்று கருதுகிறேன்.