பார்வை மங்கிய அப்பாவுக்கு ஆட்கள் தெரிவது பற்றி

அப்பாவுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. அம்மாப்பேட்டை வீட்டுத் திண்ணையில் தலைப்பாகை கட்டிய ஆட்கள் சத்தமில்லாமல் நிற்பதாகவும், அது நிஜமில்லை என்று அவருக்கே தெரிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் இது சார்லஸ் போனே நோய்க்குறி, 1760லேயே பதிவானது. விழித்திரையிலிருந்து வரும் சேதி குறைந்தால் மூளை தானாகவே படம் போட்டுக்கொள்ளும்.

உருவம் வந்ததும் லைட்டைப் போடுங்கள். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் இடமும் வலமுமாக, நொடிக்கு ஒரு தடவை வீதம் 15 தடவை ஓட்டச் சொல்லுங்கள். மங்கிய வெளிச்சத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் அதிகம் வரும். "காத்து கருப்பு" என்று யாரையும் பேசவிடாதீர்கள். பயந்து மறைக்க ஆரம்பித்தால் வெளியே போவதையே நிறுத்திவிடுவார், அதுதான் பெரிய நஷ்டம்.

குரலும் கேட்டாலோ, நிஜம் என்று நம்பினாலோ, புது மாத்திரைக்குப் பின் தொடங்கியிருந்தாலோ காரணம் வேறாக இருக்கலாம். கண் டாக்டரோடு நிறுத்தாமல் சேலம் ஜி.எச்.சில் நரம்பு டாக்டரிடமும் காட்டுங்கள்.